சங்கிலி கோத்த உருண்டையும் நம்ம தேத்தூளும்

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி, சங்கிலி கோத்த சில்வர் உருண்டை ஒன்று அனுப்பினான். தேயிலையை உள்ளே போட்டு, கோப்பைக்குள் தொங்க விட வேண்டுமாம். நிறைய நிரப்பித்தான் விட்டேன். சாயமும் இறங்கவில்லை, கோப்பையின் அடியில் தூளும் மண்டிவிட்டது. குறை உருண்டையிலா, தேயிலையிலா?
– வாசகி, ஹட்டன்

பதில்: "நிறைய நிரப்பி" என்றீர்களே தங்கச்சி, பிசகு அங்கேதான். காய்ந்த தேயிலை தண்ணீர் பட்டதும் உப்பும். வாய்வரை திணித்து மூடினால் ஓரத்தில் உள்ளது மட்டும் நனையும், நடுவில் உள்ளது இறுகிக் கட்டியாகிவிடும். அடுத்த முறை உருண்டையைத் திறந்து, அந்தக் கட்டியைப் பிட்டுப் பாருங்கள். பாதிக்குமேல் போடவே கூடாது.

தூள் மண்டியதற்குக் காரணம் வேறு. பத்தொன்பது வருஷம் பேக்டரியில் சல்லடைக்குப் பக்கத்தில் நின்றவன் நான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: உங்கள் டின்னில் இருப்பது பி.ஓ.பி.எப். என்ற பொடி ரகம், அல்லது டஸ்ட் என்ற அதைவிட நைசான தூள். நம் மலைப் பக்கத்தில் பெரும்பாலும் சின்ன ரகம்தான். உருண்டையின் ஓட்டை அதற்குப் பெரிய வாசல். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் நிறையச் செய்யும் ஓ.பி., ஓ.பி.ஏ. போன்ற நீள இலைக்குத்தான் அந்த உருண்டை கொஞ்சமாவது சரிப்படும்.

பேக்டரியில் ருசி பார்க்கும் மேசையில் உருண்டையும் கிடையாது, வடியும் கிடையாது. மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் குவளை, அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பல் பல்லாக வெட்டு. தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, நேரம் ஆனதும் குவளையை அப்படியே கிண்ணத்தின் மேல் சாய்த்து வைப்பார்கள். பல்லிடுக்கு வழியாகச் சாயம் இறங்கும், இலை உள்ளேயே நிற்கும். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது குறை கண்டுபிடிக்கப் போடும் தேத்தண்ணி, குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்கு 3 நிமிடம், மிஞ்சினால் 4.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கோப்பைக்குக் கோப்பை போட வேண்டுமென்றால், கோப்பையின் வாய் அகலத்துக்குச் சரியாக உட்காரும் ஆழமான வலைக்கூடை வாங்குங்கள், வலை நெருக்கமாக இருக்கட்டும். டஸ்ட் என்றால் அதுவும் வேண்டாம், துணி வடியே போதும். தம்பி மனம் நோகாமல் இருக்க, உருண்டையில் ஏலக்காயும் கறுவாவும் போட்டுப் பால் கொதிக்கும்போது தொங்க விடுங்கள். அந்த வேலைக்கு அது கெட்டிக்காரன்.

கேள்வி: கொழும்பில் போட்ட அதே தூள், நுவரெலியாவுக்கு மாறி வந்தபின் சாயம் விட மறுக்கிறதே?
– வாசகர், நுவரெலியா

பதில்: தூள் மாறவில்லை தம்பி, தண்ணீர்தான். நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே தளதளவென்று கொதித்துவிடும், மேலே ஏறாது. குளிரில் பாத்திரமும் ஐஸ் மாதிரி இருக்கும். முதலில் சுடுதண்ணீரால் கேத்தலை அலசிக் கொட்டுங்கள், ஊற்றியதும் மூடுங்கள், வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஊற விடுங்கள்.

கேள்வி: ஒருமுறை ஊறிய தூளில் மறுபடி தேத்தண்ணி போடலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நீள இலையில் இரண்டாம் தண்ணீருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். டஸ்டில் ஒன்றும் இராது. மாதக் கடைசியில் எங்கள் பெரியம்மா இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சமாளிப்பார். நாங்களும் இஞ்சித் தேத்தண்ணி என்று குடித்துவிட்டுப் போவோம்.