ஏஜென்ட் சொல்லும் புகைமருந்தை நம்பலாமா?

கேள்வி: ஓசூர் பக்கம் கால் ஏக்கர் பசுமைக்குடிலில் வெள்ளரி போட்டிருக்கிறேன். மூன்றாவது போகத்தில் செடிகள் மதியமானால் வாடுகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. மண்ணுக்குள் வாயுவாகப் பரவும் புகைமருந்தை ஒருமுறை போட்டால், வேரில் முடிச்சு போடும் நூற்புழு ஐந்து வருஷம் வராது என்கிறார் மருந்துக் கம்பெனி ஏஜென்ட். போடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து வருஷம் என்பது சுத்தப் பொய். எந்தப் புகையும் எல்லாப் புழுவையும் கொல்லாது. ஆழத்திலும் பழைய வேர்த்துண்டுகளுக்குள்ளும் தப்பிய முட்டைகள் போதும். ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெதுவெதுப்பான மண்ணில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். தவிர, செடி நிற்கும்போது புகைமருந்து போட்டால் முதலில் சாவது செடிதான்.

அவர் சொல்வது மெத்தில் புரோமைடாக இருந்தால் பேச்சையே நிறுத்துங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் வயல் மண்ணுக்கு அதன் காலம் முடிந்துவிட்டது. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்கு மட்டும், உரிமம் பெற்றவர்கள் அடிக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் குருணை மருந்தை நீட்டுவார்கள். அதில் ஒன்றான ஃபோரேட் 2020 கடைசியோடு தடையாகிவிட்டது. வெள்ளரியோ ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துப் பச்சையாகத் தின்கிற காய். பில் தராமல், லேபிள் இல்லாத பொட்டலத்தில் தருவதை வாங்காதீர்கள்.

அறுவடை முடிந்ததும் வேர்களைத் தோண்டியெடுத்து எரியுங்கள். உழுது மடக்கிவிடாதீர்கள். மண்ணை நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, குடிலையும் சாத்தி ஆறு வாரம் விடுங்கள்; வெயில் சூட்டில் பெரும்பாலான புழு சாகும். கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் மண்ணுக்குள் இறங்காது.

ஒன்று மட்டும்: இது ஏப்ரல், மே வேலை. உங்கள் ஊர்க் குளிரில் டிசம்பரில் விரித்துவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லை சார்’ என்று வருகிறார்கள். மார்கழிப் பனியில் மண் எப்படிச் சுடும்? இப்போது வெயில் இல்லையென்றால் அந்தப் போகத்துக்கு வெள்ளரியையும் தக்காளியையும் தவிர்த்து, நூற்புழுவை அடக்கும் செண்டுமல்லி போட்டுக் கோடைவரை தள்ளுங்கள். அப்புறம் நடவுக்கு முன் வேப்பம் புண்ணாக்கோடு, நூற்புழு முட்டையை அழிக்கும் பர்ப்பியூரோசில்லியம் பூஞ்சாணம் கலந்து இடலாம்.

குடில் கட்டப் பாதிச் செலவை அரசு மானியமாகத் தருகிறார்கள். நூற்புழு பற்றிச் சொல்லித்தர ஆள் அனுப்புவதில்லை. வழக்கமான மண் பரிசோதனை அட்டையிலும் அது வராது. சல்லிவேரோடு ஈரமண்ணைக் காயவிடாமல் பையில் கட்டி, நூற்புழு பார்க்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கேட்டுக் கொடுங்கள்.