இறக்கத்தில் எந்த கியர்?

ஐயா,

இருபது வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். சில வருடங்களாகப் புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆப்பிரிக்காவில் லாரிப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தர, சம்பளம் வாங்காமல் போய்வர ஆசை. அங்கே ஓட்டுநர்களுக்கு ஒழுக்கமே இல்லையாம். இரண்டு வாரத்தில் என்ன மாறிவிடும் என்று மனைவி கேட்கிறார். மொழியும் தெரியாது. போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். கைத்தொழிலைக் கூலி கேட்காமல் சொல்லிக்கொடுக்கத் தோன்றுகிற மனசு லேசில் வராது. நன்றாக ஓட்டுகிறவர் ஏன் பல சமயம் நல்ல வாத்தியாராக இருப்பதில்லை என்று நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஆப்பிரிக்காவில் எந்த நாடு? ஒழுக்கமே இல்லை என்று உங்களுக்குச் சொன்னது யார்? இந்த நினைப்போடு விமானம் ஏறுவதானால் தயவுசெய்து போகாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் சாலைகளில் செத்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாட்டுக்காரர்கள். இத்தனையையும் ஓட்டுநரின் குணத்தில் ஏற்றிவிடுவீர்களா? தேய்ந்த பிரேக் லைனிங்கோடு வண்டியை அனுப்பும் முதலாளி, அளவு மீறிய லோடு, சொல்லித்தர ஆளில்லாமல் கையில் கிடைத்த லைசென்ஸ், இதெல்லாம் கணக்கில் இல்லையா?

ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. அங்கே வெட்டும் தாமிரம் லாரிகளில் தான்சானியாவைக் கடந்து டார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகிறது. வழியில் இரிங்கா பக்கம் கிடோங்கா என்று ஒரு மலை இறக்கம். முழு லோடோடு வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அதில் ஓட்டிப் பழகியவருக்கு நீங்கள் ஒழுக்கம் கற்பிக்கப் போகிறீர்களா?

ஏறுகிற கியரிலேயே, முடிந்தால் அதற்கும் கீழே, இறங்கு என்பது நம் தொழிலில் பாலபாடம். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும். ஷூ மேல் இருக்கும் லைனிங்கின் பிடிப்பும் போகும். மிதித்து மிதித்து விட்டால் பிரேக்கை இயக்கும் காற்று இறங்கும். அந்த வேகத்தில் கியரைக் குறைக்கப் பார்த்தால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வோம். அதனால் கியரை மேட்டிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இன்றைய இன்ஜினில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகும். அதட்டினால் கேட்காதவர்கூட இந்தக் கணக்கைச் சொன்னால் கேட்பார்.

எழுத வருவதற்கு முன் ஒரு சரக்கு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒருவர், அபார ஓட்டுநர். பையன் கொஞ்சம் திணறினால் போதும், இவர் கை கியர் மேல் போய்விடும். வண்டி பத்திரமாக இறங்கும். பையன் மண்டையில் ஒன்றும் ஏறாது. இன்னொரு பெரியவர் கையை மடியைவிட்டு எடுக்கமாட்டார். இறக்கத்துக்கு முன்பே ஓரம் கட்டச் சொல்லி, "எந்த கியர்?" என்பார். சொன்னால், "ஏன்?" என்பார். பதில் வரும்வரை வண்டி நகராது. கீழே வந்ததும் ஒவ்வொரு சக்கரமாகக் கூட்டிப்போவார். டிரம்மைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிப் புறங்கையை நீட்டிச் சூடு பார்க்க வேண்டும். சில நாள் கருகிய லைனிங் வாடை தூக்கியடிக்கும். யாரையும் திட்டமாட்டார். அடுத்த பையனுக்கு அதை விளக்குகிற வேலையை இவனிடமே கொடுப்பார். அவரிடம் படித்தவர்களில் சிலர் அப்புறம் பயிற்றுநர்களானார்கள்.

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. ஓட்டுநர்களை உருவாக்க இரண்டு வாரம் போதாது. ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவர்களோடு உட்கார்ந்தால் பலன் உண்டு. டிரான்ஸ்எய்ட் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் லுசாகாவிலும் டார் எஸ் சலாமிலும் உள்ள பயிற்சி நிலையங்களோடு இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. போக்குவரத்து நிறுவனங்களின் பயிற்றுநர்கள் தன்னார்வலர்களாகப் போய் அங்குள்ள பயிற்றுநர்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவர்கள் திரும்பிய பிறகு வகுப்பை நடத்த வேண்டியவர் உள்ளூர்க்காரர்.

மொழி தெரியாதது ஒரு தடைதான். கேள்வி கேட்டுச் சொல்லித்தர, மொழிபெயர்க்க ஒருவர் கூட இருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் படிக்கிற ஒருவரை முழு இறக்கமும் ஓட்டச் சொல்லுங்கள். ஆபத்து வந்தாலொழிய கையை நீட்டாதீர்கள், உத்தரவும் போடாதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். கீழே வந்ததும் கியரை எப்படி முடிவுசெய்தார் என்று அவரையே சொல்லச் சொல்லி, அதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.