விடுமுறை நாளில் பார்க் வேலை, மாலையில் ரோலர் கோஸ்டர்

கேள்வி: தேசிய விடுமுறை நாளன்று ஒரு தீம் பார்க்கில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. ரோலர் கோஸ்டரில் ஆட்களை ஏற்றும் இடத்தில் காலை 8 முதல் மாலை 4 வரை நிற்க வேண்டும். பார்க் மூட இரவு 10 ஆகும். வேலை முடிந்ததும் நண்பர்களோடு சுற்ற ஆசை. உடம்பு தாங்குமா?

பதில்: தாங்கும், பகலில் கால்களைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால்.

இப்போதே சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: ஊழியர் இலவச பாஸ் அன்று செல்லுமா? கூட்ட நாட்களில் அதை நிறுத்திவைக்கும் பார்க்குகள் உண்டு. விடுமுறைக்குக் கூடுதல் சம்பளம் உண்டென்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யூனிஃபார்மோடு ரைடில் ஏறப் பொதுவாக விடமாட்டார்கள். மாற்றுடையை லாக்கரில் வையுங்கள்.

புது ஷூ வேண்டாம். பழகிய ஷூவும் இன்னொரு ஜோடி சாக்ஸும் போதும். மதிய இடைவேளையில் சாக்ஸை மாற்றினால் கொப்புளம் குறையும். நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் காலை வலிக்கச் செய்யும், கெண்டைக்கால் தசை வேலை செய்யாமல் ரத்தம் கீழே தேங்கிவிடுவதால். அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வெயிலில் நின்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர். கழிப்பறைக்குப் போக ஆள் மாற்ற வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பவர்களுக்குத்தான் பிற்பகலில் தலைவலி வருகிறது.

அன்றைய சண்டை பெரும்பாலும் உயர அளவுகோலில்தான். பிள்ளையின் குதிகால் தரையில், முதுகு கோலில் ஒட்டியிருக்கட்டும். ஒரு விரல்கடை குறைந்தாலும் இல்லை என்றே சொல்லுங்கள். பாதுகாப்புப் பிடி எந்த உடலளவுக்குப் பொருந்தும் என்பதை வைத்துத்தான் அந்த உயரம் வரையறுக்கப்படுகிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தால் அடுத்த ரைடில் நிற்பவர்தான் திட்டு வாங்குவார்.

பிடிகளைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே முனையில் தொடங்குங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த வரிசையை மறுபடி முதலிலிருந்து சோதியுங்கள். தவறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். போன், தொப்பியை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். பூட்டிய பிறகு திறந்தால் முழுச் சோதனையும் திரும்பச் செய்ய வேண்டும். அந்தத் தாமதத்தில் அடுத்த வண்டி நிலையத்துக்கு வெளியே பிரேக்கில் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். இரண்டு வண்டிகள் நெருங்காமலிருக்க அப்படி நிறுத்துவதுதான் முறை. மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி மாலை. வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், அது நகரும் வேகத்தைப் பாருங்கள். 24 பேர் ஏறும் வண்டி 90 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர். முன்னால் 480 பேர் நின்றாலும் அரை மணிதான். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் பேரையே ஏற்றும் சிறிய ராட்டினத்தில் குட்டி வரிசைகூட உயிரை வாங்கும். தனியாக வருபவர்களுக்குத் தனி வரிசை இருந்தால் நண்பர்களைப் பிரிந்து அதில் நில்லுங்கள்.

4 மணிக்கு வெளியே வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சுழலும் ரைடில் ஏறாதீர்கள். கொஞ்சம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். எட்டு மணி நேரம் நின்ற காலோடு நீர் ரைடு வேண்டவே வேண்டாம், ஈர ஷூவில் தோல் உரிந்துவிடும். மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்துவார்கள். கூட்டம் கலையும்போது பக்கத்திலேயே கூரையடியில் காத்திருங்கள். திறந்ததும் முதல் வண்டி உங்களுக்கு. வாணவேடிக்கை நேரத்திலும் வரிசைகள் மெலியும்.

மூடும் நேரத்தில் வரிசைக்குள் இருப்பவர்களை ஏற்றிவிட்டே மூடும் பார்க்குகள் பல. உங்கள் பார்க்கிலும் அப்படியா என்று பகலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, பிடித்த கோஸ்டரைக் கடைசிக்கு வையுங்கள். கடைசிப் பெட்டியில் உட்காருங்கள்: முன்பாதி இறங்கத் தொடங்கிவிட்டதால் அந்தப் பெட்டி உச்சியை வேகமாகத் தாண்டும், இருக்கையிலிருந்து உடம்பு எழும்பும்.