திருகோணமலையில் இருந்தபடி கனடா விசா ஆலோசகர் ஆகலாமா?

தம்பி, உப்புவெளியில் கடை போட்டு, காசு வாங்கிக் கனடா விசா ஆலோசனை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு முடியாது. அதற்குக் கனடாவில் சட்டத்தரணி போன்ற தகுதியோ, 2021இல் தொடங்கிய ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பின் உரிமமோ வேண்டும், அந்த உரிமம் எடுக்கக் கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும், டிப்ளோமா, பரீட்சை எல்லாம் அப்புறம்தான்.

சும்மா படிவம் தட்டிக் கொடுப்பது, மொழிபெயர்ப்பது பரவாயில்லை. ஆனால் எந்த விசாவுக்குப் போடலாம், என்ன எழுதலாம் என்று காசுக்குச் சொல்லத் தொடங்கினால் அது ஆலோசனை. பெயரைக் காட்டாமல் பின்னால் நின்று செய்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், பொய்த்தகவல் பிடிபட்டால் 5 வருடத் தடை விழுவது விண்ணப்பித்த சனத்துக்கு. உங்கள் ஆங்கிலம் நல்லதென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பதிவுக்கு முயலுங்கள், பிறப்புச் சான்றிதழ் வேலையே நிறைய வரும்.