அப்பாவின் நிலப் பத்திரம் வேண்டாம், கணவரின் சம்பளச் சீட்டு வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கணவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். படிப்பு முடிந்து இந்த வருடம் மார்ச்சில்தான் ஒரு கிடங்கில் முழுநேர வேலை, மணிக்கு 19 டாலர். போன வருட வரிக் கணக்கில் 15,000 டாலர்கூட இல்லை. உங்களை அழைக்க அவர் போட்ட ஐ-130 மனு ஒப்புதலாகி, ஸ்பான்சர் ஆவணங்களைக் கேட்டு இப்போது மெயில் வந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் உங்கள் அப்பா நிலப் பத்திரம், ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "உன் பேரில் 20 லட்சம் போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாணவர் விசாவுக்கு அப்பாவின் இருப்பைக் காட்டிப் பழகியதால் நம் வீடுகளில் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. குடியேற்ற விசாவில் கேள்வியே வேறு: உங்களை மனு போட்டு அழைக்கிறவர் அமெரிக்காவில் உங்களைத் தாங்குவாரா? அதற்கான படிவம்தான் ஐ-864. அதில் உங்கள் அப்பாவுக்கு இடமே இல்லை. அவர் சொத்தை அவர் பேரில் காட்டினால் கணக்கில் வராது. உங்கள் பேருக்கு மாற்றினாலும், வங்கி இருப்பைக் காட்டுகிறவர்களிடம் 12 மாத ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள். நேற்று வந்து விழுந்த பணம் அதில் தெரியும். உங்கள் பள்ளிக்கூடச் சம்பளமும் சேராது, ஏனென்றால் நீங்கள் விமானம் ஏறினால் அந்தச் சம்பளம் நின்றுவிடும்.

சரி, கணவர் சம்பளம் போதுமா? வறுமைக் கோட்டு வரம்பு என்று ஒவ்வொரு வருடமும் அரசு ஒரு தொகை வெளியிடும். அதில் 125 சதவீதத்தை அவர் வருமானம் தொட வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312. நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் கவனம் வேண்டும்: அவர் தன் அம்மாவை ஏற்கெனவே ஸ்பான்சர் செய்து அழைத்திருக்கிறார். அந்தப் பொறுப்பு இன்னும் ஓடுகிறது. அதனால் அவர், நீங்கள், மாமியார் என்று மூன்று பேராகத்தான் எண்ண வேண்டும். மாமியார் வேறு மகள் வீட்டில் இருந்தாலும் அப்படித்தான். இதை விட்டுவிட்டு இரண்டு என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. சிலர் மனைவியை இரண்டு கட்டத்தில் எண்ணி நான்கு என்றும் எழுதிவிடுவார்கள்.

மணிக்கு 19 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 39,520. மூன்று பேர் வரம்பைத் தாண்டிவிட்டார். போன வருடக் கணக்கு குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், முக்கியமாகப் பார்ப்பது இப்போதைய வருமானத்தை. ஆனால் அந்த வரிக் கணக்கையும் வைத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தளத்தில் அந்தக் கணக்கின் சுருக்கப் பிரதி (டிரான்ஸ்கிரிப்ட்) இலவசமாகவே கிடைக்கும். அது 15,000-க்குக் கீழே காட்டும்போது, இப்போதைய சம்பளத்தை நிரூபிக்கும் தாள் கனமாக இருக்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள். 2011-ல் எனக்கு விசா கேட்டபோது என் கணவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்கு வந்தது ஏறக்குறைய 40,000. ஆனால் பெட்ரோல், ரிப்பேர், வண்டித் தேய்மானம் எல்லாம் கழித்து வரிக் கணக்கில் நின்றது 11,000. அன்றைக்கு இரண்டு பேருக்கு வேண்டியது 18,387. வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்ட அதே கழிவு எங்களைக் கீழே தள்ளிவிட்டது. நேர்காணல் ஜன்னலில் ஒரு தாளைக் கொடுத்து, கூட்டு ஸ்பான்சர், அதாவது கணவரோடு சேர்ந்து பொறுப்பேற்கும் இன்னொருவரைக் கொண்டுவரச் சொன்னார்கள். கல்யாணப் புடவையில் போயிருந்தேன். அந்தத் தாளை மடிக்கக்கூடத் தோன்றாமல் ஆட்டோவில் வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கூட்டு ஸ்பான்சர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவிலேயே வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பரால் முடியாது, சிங்கப்பூர் சித்தப்பாவாலும் முடியாது. எங்களுக்குக் கிடைத்தவர் கோட்டயத்துக்காரர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட நான் என்று ஐந்து பேர் வரம்பை அவர் சம்பளம் தனியாகவே தாண்ட வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தாராம். மனைவியைக் கூப்பிட்டு ஒப்பந்தப் பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டினாராம். அப்புறம்தான் கையெழுத்து. அன்றிலிருந்து நாங்கள் அவரைச் சேட்டன் (மலையாளத்தில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறோம்.

அவர் அப்படிப் படித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தக் கையெழுத்து சட்டப்படி ஒப்பந்தம். நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக்கணக்கு சேரும்வரை, அதாவது சுமார் பத்து வருடம், அது நிற்கும். அதற்குமுன் நீங்கள் நிரந்தர வசிப்புரிமையை விட்டு நாட்டை விட்டே போனாலோ, நீங்களோ கையெழுத்திட்டவரோ இறந்தாலோதான் முடியும். விவாகரத்தானாலும் கணவரின் பொறுப்பு போகாது. புதுமணப் பெண்ணிடம் இதைச் சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். இங்கே வந்தபிறகு "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன், உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று மிரட்டப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் இந்தப் படிவத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

உங்கள் பேரில் ஏற்கெனவே ஏதாவது சொத்து இருந்தால் அது கடைசித் துணைதான். குடிமகனின் மனைவிக்கு, குறைகிற தொகையைப்போல் மூன்று மடங்கு காட்ட வேண்டும். 5,000 டாலர் குறைந்தால் 15,000 டாலர் பெறுமானம், அதுவும் ஒரு வருடத்துக்குள் பணமாக்கக்கூடியதாக. உங்களுக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

இன்று இரவு கணவர் போன் செய்தால் இதைச் சொல்லுங்கள். வேலை இடத்தில் ஒரு கடிதம் வாங்க வேண்டும்: சேர்ந்த தேதி, பதவி, முழுநேரம் என்ற சொல், மணிக்கூலி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் அதில் இருக்கட்டும். "இங்கே பணிபுரிகிறார்" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள். மார்ச்சிலிருந்து வந்த சம்பளச் சீட்டுகள் அத்தனையும் ஒரே பிடிஎஃப்பாக. ஐ-864-ஐ அச்செடுத்துப் பேனாவால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்தால் போதும், நோட்டரி தேவையில்லை. 120 டாலர், 325 டாலர் என்று இரண்டு கட்டணம் வரும், இரண்டையும் ஆன்லைனிலேயே கட்டலாம். நேர்காணலுக்குத் தேதி வந்ததும், அந்த மாதச் சம்பளச் சீட்டைப் புதிதாக அனுப்பச் சொல்லி நீங்கள் கையில் எடுத்துப் போங்கள்.

கடிதம் கிடைத்ததும் பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், வாசகம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.