பீரங்கி இறங்கியது, மடி ஏறியது

கேள்வி: உலகப் போரில் பீரங்கியோடு ஓடிய பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சில, பிற்பாடு மீன்பிடிக்கப் போனதாகப் படித்தேன். சின்னமுட்டத்தில் விசைப்படகு ஓட்டும் என் மைத்துனர் நம்ப மறுக்கிறார். போர்க்கப்பலில் இழுவைமடி (கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) இழுக்க முடியுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: மைத்துனரின் ஐயம் நியாயமானதே. ஆனால் அவை அச்சு அசலான போர்க்கப்பல்கள் அல்ல; இழுவைமடிக் கப்பலின் அமைப்பைத்தான் கடற்படை இரவல் வாங்கிக்கொண்டது.

காரணம் கண்ணிவெடி. கடலடியில் நங்கூரமிட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கவிட்ட வெடிகளை அகற்ற, நீண்ட எஃகு வடத்தைக் கப்பல் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். வெடியைப் பிணைத்த கம்பியை வடம் அறுத்ததும் வெடி மேலே வரும், அதைத் துப்பாக்கியால் சுட்டு ஒழிப்பார்கள். மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறதோ, அதே தத்துவம்தான் இந்த வடத்தையும் பக்கவாட்டில் விலக்கி நிறுத்தியது. வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும், பாரத்தை நிதானமாக இழுக்கும் நீராவி எஞ்சினும் மீன்பிடிக் கப்பலில் ஏற்கெனவே இருந்தவை.

முதல் உலகப் போரின்போது 'காசில்', 'மெர்சி', 'ஸ்ட்ராத்' என்ற மூன்று மாதிரிகளில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் கட்டப்பட்டன. இத்தனைக்கும் பெயர் தேடி அலுத்தார்கள் போலும்; 1805இல் டிராபல்கர் சண்டையில் கலந்துகொண்ட மாலுமிகளின் பட்டியலைப் புரட்டிப் பெயர் எடுத்தார்கள். போர் ஓய்ந்ததும் பல கப்பல்கள் மீன்பிடி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. அவற்றுள் சில, அடுத்த போரில் மறுபடியும் பீரங்கி ஏற்றின.

இரண்டாம் போரில் கட்டப்பட்ட 'பாம்பார்டியர்' நல்ல உதாரணம். 1943இல் இங்கிலாந்தின் பெவர்லியில் உருவான அக்கப்பல், 1946இல் விற்கப்பட்டு, ஹல் துறைமுகத்தில் 'நார்மன்' என்ற பெயரோடு மீன்பிடிக்கத் தொடங்கியது. 1952 அக்டோபரில் கிரீன்லாந்தின் தென்முனையருகே பாறையில் மோதிச் சிதைந்தது. ஆட்களில் பெரும்பாலோர் மாண்டனர். போரில் தப்பிய கப்பலை மீன்பிடித் தொழில் விழுங்கியது என்பதைக் கடலுக்குப் போகிறவருக்கு விளக்கவேண்டியதில்லை.

அக்காலத்து இந்தியக் கடற்படைக்கும் இவ்வகைக் கப்பல்கள் இங்கேயே கட்டப்பட்டன. கல்கத்தாவில் உருவான ஒன்றின் பெயர் 'திருவாங்கூர்'. நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. நீராவி இழுவைக் கப்பலும் நம் கடலுக்குப் புதிதன்று: குமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடி மேட்டில், 1928 முதல் சில ஆண்டுகள், கொழும்பிலிருந்து வந்த 'புல்புல்' மடி இழுத்திருக்கிறது.