இலையான் இருந்த சோறு: சில கேள்விகள்

இலையானால் (வீட்டு ஈயால்) வரும் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வீடு வீடாகத் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி: இலையான் ஒரு நொடி இருந்துவிட்டுப் பறந்தால் என்ன வந்துவிடும்?

இலையானுக்குக் கடிக்க வாய் இல்லை, தம்பி. சோற்றில் முதலில் கக்கும், அது கரைந்ததும் உறிஞ்சும். சற்று முன் மலத்தில் உறிஞ்சியதும் அந்தக் கக்கலோடு வரும். கால் மயிரில் ஒட்டியது வேறு. குசினிச் சுவரிலும் மின்குமிழ் வயரிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது அதன் கக்கலும் எச்சமும்தான்.

அப்போ சோற்றைக் கொட்டவா?

உடனே சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மத்தியானம் திறந்து கிடந்த கறியை இரவில் சாப்பிடுவதுதான் ஆபத்து. நம் வெக்கையில் கிருமி அதற்குள் பல மடங்கு பெருகிவிடும். ஆனால் இரத்தமும் சளியுமாகப் போகும் வயிற்றுளைவுக்குப் பத்து, நூறு கிருமியே போதும். குழந்தையின் தட்டென்றால் நான் கொட்டிவிடுவேன்.

வடமராட்சி அக்கா: பனாட்டுக்கு (காயவைத்த பனம்பழக் களிக்கு) பாயில் களியை ஊற்றினால் இலையான் மொய்க்கிறதே?

ஆடி, ஆவணியில் எங்கள் முற்றத்திலும் இதே பாடுதான். அம்மா வேப்பங்குழையோடு பக்கத்திலேயே இருப்பா. நுளம்பு வலையால் மூடுங்கள், ஆனால் வலை களியில் படக்கூடாது. பட்டால் வலைக்கு மேலிருந்தே கக்கும். நாலு மூலையிலும் தடி நட்டு உயர்த்திக் கட்டுங்கள். மாட்டுக்கொட்டிலும் கக்கூசும் தள்ளியிருக்கட்டும்.

கரப்பொத்தான்? நுளம்பு?

கரப்பொத்தான் இரவில் கானிலிருந்து (கழிவுநீர் வாய்க்காலிலிருந்து) கோப்பைக்கு ஏறும், அதுவும் கிருமி காவும். நுளம்பால் வயிற்றோட்டம் வராது.

கிணற்றுத் தண்ணீரும் இலையானால்தான் கெடுகிறதா?

இல்லை. நம் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியே மலக்குழிக் கசிவு கிணற்றுக்குப் போய்விடும். கொதித்தாறிய தண்ணீரே குடியுங்கள்.

மருந்து அடித்தால் தீராதா?

பறப்பதைக் கொன்றால் நாளைக்கு வேறு வரும். ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். நம் சூட்டில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் இலையானாகிவிடும். அதனால் குப்பையை வாரம் இருமுறை புதையுங்கள். மலக்குழிக் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். அப்புறம் பிள்ளையின் பம்பர்ஸை வேலியோரம் எறியாதீர்கள். நான் போன வீடுகளில் அதிகம் மொய்த்துக் கிடந்தது அதில்தான்.